இடி இடித்த மூன்றாம் நாள்

ஆனைவாரையில் மழை பிடித்துவிட்டால் தபால்காரர் தவசிக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு கிடையாது. முதல் பஸ் வந்து போன கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டு வாசலில் நாலைந்து ஜோடிச் செருப்புகள் கிடக்கும். ஒருவர் பேங்க் கிளார்க். ஒருவர் மருந்துக்கடைக்காரர். ஒருவர் பஸ் கண்டக்டர், அவருக்கு மட்டும் டிக்கெட் செலவில்லை. எல்லோரும் காட்டில் காளான் பார்க்க வந்தவர்கள்.

தன்னைக் குரு என்று யாராவது சொன்னால் தவசி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். ஆனாலும் பதினைந்து வருஷம் அந்த மலைப் பாதைகளில் கடிதம் சுமந்து நடந்தவர். எந்த மாதம் எந்த மரத்தடியில் எது முளைக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் வரைந்து வைத்த காளான் படங்களே பதினொரு நோட்டு நிறைய இருந்தன.

இதெல்லாம் நடந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அப்போது வத்தலக்குண்டிலிருந்து அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு மூன்று பஸ்தான்.

வாசலில் கிடந்த செருப்புகளில் ஒரு ஜோடி மரகதவல்லி டீச்சருடையது. டீச்சருக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. முந்தின வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். தவசிக்கு முப்பத்தாறு.

முதல் நாள் டீச்சர் வந்து நின்றபோது தவசி மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டார்.

"உனக்கு நான் பாடம் எடுத்திருக்கேனா?"

"ஒன்பதாம் வகுப்பு, டீச்சர். கீழே, வத்தலக்குண்டுல. அறிவியல்."

"எப்படிப் படிச்சே?"

"காளானைப் பத்தி அரைப் பக்கம் இருந்துச்சு டீச்சர். அதை மட்டும் நல்லாப் படிச்சேன்."

டீச்சர் சிரித்தார். அந்த அரைப் பக்கத்தை எப்படி நடத்தினோம் என்று அவருக்கு நினைவில்லை. பூஞ்சை வகையைச் சேர்ந்தது, பச்சையம் இல்லாதது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பார்.

"என்ன கத்துக்கணும் டீச்சர்?"

"எல்லாம் வேணாம். ஒரே ஒரு காளானைக் கண்டுபிடிச்சுத் தா. போதும்."

*

அந்த ஒரு காளானின் கதை இது.

டீச்சருக்குக் கல்யாணமான புதிதில் அவரும் கணவர் நாகமாணிக்கமும் ஆனைவாரையில்தான் இருந்தார்கள். நாகமாணிக்கம் லைன்மேன். ஊர்க் கடைசியில் குவார்ட்டர்ஸ். ஒரு அறை, ஒரு சமையலறை, வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான் வீடு. டீச்சர் அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்வந்தார்.

பெரிய இடி இடித்தால் எங்கேயாவது கம்பி அறுந்து விழும். ஊர் இருட்டாகிவிடும். நாகமாணிக்கம் கயிறும் சாமான் பையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போன லைனைப் பார்த்துக்கொண்டே நடப்பார். சரிசெய்ய இரண்டு நாள் ஆகும், சில சமயம் மூன்று. கரண்ட் வந்த பிறகுதான் அவர் வருவார். விளக்கு எரிந்தால் டீச்சருக்குத் தெரிந்துவிடும், ஆள் கிளம்பிவிட்டார் என்று. வரும்போது கையில் தேக்கிலைப் பொட்டலம் இருக்கும். பிரித்தால் வெள்ளை வெள்ளையாகக் காளான் குடைகள், நடுவில் மட்டும் கொஞ்சம் கருத்தவை.

சின்ன வெங்காயம், மிளகு, நல்லெண்ணெய். வேறெதுவும் போட மாட்டார் டீச்சர். ரேடியோவைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரே சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள்.

மற்ற வீடுகளில் இடி இடித்தால் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். டீச்சர் மிளகு டப்பாவைத் திறந்து பார்ப்பார்.

இப்படி நாலு வருஷம். ஐந்தாவது வருஷம் மழை வருவதற்கு முன்னால் நாகமாணிக்கத்துக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தே நாள்தான் இருந்தார். மகள் அல்லிக்கு அப்போது எட்டு மாதம். பிறகு டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். அல்லியை வளர்த்தார், படிக்க வைத்தார், கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தார். இதற்கு நடுவே எத்தனையோ முறை கடையில் விற்கிற பட்டன் காளானை வாங்கி அதே மிளகு போட்டுச் செய்து பார்த்திருக்கிறார். ரப்பரை மெல்லுவதுபோல இருக்கும்.

தவசி கேட்டார்: "அது என்ன காளான்னு சார் பேர் சொல்லலையா?"

"காளான்னுதான் சொல்வார். நானும் கேட்கலை."

"ஒரு தடவைகூடவா?"

"கேட்டுக்கலாம்னு இருந்தேன், தவசி. அதுக்கென்ன அவசரம்னு."

தவசி எழுந்தார். உள்ளே போய் ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து டீச்சரிடம் கொடுத்தார்.

*

முதல் வருஷம் தவசி டீச்சரை ஒரு காளானைக்கூடப் பறிக்க விடவில்லை. ஓடைக்கரையில் ஒன்றைக் காட்டி, "இது பக்கத்துல உட்கார்ந்திருங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு மேலே போய்விட்டார். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"என்ன பார்த்தீங்க?"

"வெள்ளைக் காளான். உள்ளங்கை அகலம்."

"இன்னும் கொஞ்ச நேரம் இருங்க."

மறுபடி வந்து கேட்டார்.

"காம்புல ஒரு வளையம் இருக்கு. குடைக்கு அடியில புத்தகத் தாள் மாதிரி மடல் மடலா இருக்கே, அது காம்பைத் தொடலை. ஒரு ஓரத்தை ஏதோ கடிச்சிருக்கு. மோந்து பார்த்தா ஊறவச்ச அரிசி வாசம்."

"காலையில வெள்ளைக் காளான்னு சொன்னீங்க."

"ஆமா."

"அப்படிச் சொல்லிட்டுச் சாப்பிட்டவங்க நிறைய பேர் டீச்சர்."

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளைப் பெஞ்சில் ஏற்றி நிறுத்தியவர் டீச்சர். அன்றைக்கு ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது தன்னை யாரோ பெஞ்சில் ஏற்றியதுபோல இருந்தது அவருக்கு. அதில் கோபம் வரவில்லை. கால் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது வருஷம் மருந்துக்கடைக்காரர் ஒரு நாள் கேட்டார்: "எதைத் தின்னலாம் எதைத் தின்னக்கூடாதுன்னு ஒரே வரியில ஒரு வழி சொல்லுங்களேன். பூச்சி கடிச்சதைத் தின்னலாம்கறாங்களே?"

தவசி நடந்தார். ஒரு பலா மரத்தடியில் நின்று கீழே காட்டினார். பளிச்சென்று ஒரு வெள்ளைக் காளான். அதன் குடைமேல் ஒரு நத்தை ஏறி நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

"இது நல்லதா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஒரு குடும்பத்துக்கு ஒண்ணு போதும். நாலு நாள்ல ஈரல் கெட்டுப்போகும்."

"நத்தை தின்னுதே?"

"நீங்க நத்தையா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். ஆனால் தவசி சிரிக்கவில்லை. நத்தை தின்று முடிக்கிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வருஷம் தவசி டீச்சருக்கு எத்தனையோ வகை காட்டினார். ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, "இதுவா டீச்சர்?" என்பார். டீச்சர் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, "இல்லை," என்பார். ஒரு புற்றோரத்தில் தோண்டி எடுத்த ஒன்றைக்கூடக் காட்டினார். வேர்போல முழ நீளத்துக்குக் காம்பு தொங்கியது.

"ஐயே, இவ்வளவு நீளக் காம்பெல்லாம் அவர் கொண்டுவந்ததில்லை," என்று டீச்சர் அதைத் தொடவேயில்லை.

*

மூன்றாவது வருஷம் ஆவணியில் அல்லி லீவில் வந்திருந்தாள். அப்பாவைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தவள். முப்பது வயதாகிவிட்டது. அம்மா ஞாயிறுதோறும் எங்கே போகிறாள் என்று பார்க்க அவளும் பஸ் ஏறினாள்.

தவசி மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு மேற்கே போயிருந்தார். டீச்சர் மகளைப் பழைய குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிப்போனார். கூரை விழுந்துவிட்டது. சுவர் மட்டும் நின்றது. தண்ணீர்த் தொட்டிக்குள் செடி முளைத்திருந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே புல் தரை.

அந்தப் புல்லில் வெள்ளையாக, நடுவில் மட்டும் கருத்து, பதினொரு காளான்கள்.

டீச்சர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா?"

"உங்கப்பா கொண்டுவர்றது."

அல்லி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து பறிக்க ஆரம்பித்தாள்.

தவசி வீடு திரும்பியபோது அவருடைய சமையலறையில் நல்லெண்ணெய் வாசம். அல்லி வெங்காயம் உரித்து நறுக்கி வைத்திருந்தாள். டீச்சர் இழுத்துச் செருகிய முந்தானையோடு காளானைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாகத் தவசி பார்த்ததில்லை.

"கிடைச்சிருச்சு தவசி. இதுதான்."

தவசி ஒரு குடையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எங்கே எடுத்தீங்க டீச்சர்?"

"எங்க வீட்டு ஜன்னலுக்குக் கீழேயே. இத்தனை நாள் காடெல்லாம் தேடியிருக்கேன் பாரு."

"காகிதத்துல வச்சுப் பார்த்தாச்சா?"

அவரிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். குடையை வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி வைத்துவிட வேண்டும். மறுநாள் பார்த்தால் மடல்களிலிருந்து உதிர்ந்த பொடி காகிதத்தில் படிந்திருக்கும். ஒவ்வொரு காளானுக்கும் ஒரு நிறம்.

"இதுக்குக் காகிதம் வேணாம் தவசி. எனக்குத் தெரியும்."

தவசி அடுப்பை அணைத்தார். அலமாரியிலிருந்து ஒரு காகிதம் எடுத்து, கையிலிருந்த குடையை அதில் கவிழ்த்துக் கிண்ணத்தால் மூடினார்.

"நாளைக்குச் சமைக்கலாம் டீச்சர்."

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் முப்பது வருஷம் பொறுத்திருக்கேன்."

"அப்ப இன்னும் ஒரு நாள் பெரிசில்ல."

டீச்சர் போய்ப் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டார். நறுக்கிய வெங்காயத்தைத் தவசியின் மனைவி உப்புமாவுக்கு எடுத்துக்கொண்டார். அம்மாவும் மகளும் அன்றைக்கு அங்கேயே தங்கினார்கள்.

காலையில் தவசி கிண்ணத்தைத் தொடவில்லை. "நீங்களே எடுங்க டீச்சர்," என்றார்.

டீச்சர் கிண்ணத்தை எடுத்தார். குடையைத் தூக்கினார். காகிதத்தில் வட்டமாக, கோடு கோடாகப் பொடி படிந்திருந்தது. தொட்டிச் சுவரின் பாசிபோலப் பச்சை.

இந்தப் பச்சையை அவர் தவசியின் நோட்டில் பார்த்திருக்கிறார். நாற்பது குழந்தைகளுக்கு விளக்குகிற மாதிரி அதைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறார். அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி. ரத்தம்கூடப் போகும். நல்ல ஆஸ்பத்திரிக்குப் போக மலையிறங்க வேண்டும்.

பின்னால் அல்லி காப்பி டம்ளரோடு நின்றிருந்தாள். டீச்சர் திரும்பி மகளைப் பார்த்தார். 

குடையைக் காகிதத்தின் மேலேயே வைத்துவிட்டுத் தவசியிடம் கேட்டார்:

"உங்களுக்கு நேத்தே தெரிஞ்சுதா?"

"நீன்னே சொல்லுங்க டீச்சர். இல்லாட்டி எனக்குப் பயமா இருக்கும்."

"தெரிஞ்சுதா?"

"கையில எடுத்ததுமே."

"அப்பவே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

டீச்சர் யோசித்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"இல்லை," என்றார்.

*

அன்றைக்குக் காலை பஸ்ஸை அவர்கள் விட்டுவிட்டார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தவசி தபாலாபீஸுக்குப் போக இன்னும் நேரம் இருந்தது.

"போதும் தவசி," என்றார் டீச்சர். "எனக்கு அது மறந்துபோச்சு. மறந்துபோனதுகூடத் தெரியாம இத்தனை நாள் சுத்தியிருக்கேன்."

"காளானை விடுங்க டீச்சர். சாரைப் பத்திச் சொல்லுங்க."

"அவரைப் பத்தி என்ன?"

"காட்டுலேர்ந்து வந்து நிக்கிறப்ப எப்படி இருப்பார்?"

டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டார். அல்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தெப்பமா நனைஞ்சிருப்பார். காக்கிச் சட்டை உடம்போட ஒட்டிக் கிடக்கும். தூரத்துலயே விசில் சத்தம் கேட்கும், பாட்டெல்லாம் இல்ல, சும்மா ஒரு விசில். வந்ததும் உள்ளே நுழைய மாட்டார். தொட்டிகிட்ட நின்னு கையைக் கழுவுவார். முழங்கை வரைக்கும் செம்மண்ணா இருக்கும்."

"முழங்கை வரைக்குமா?"

"ஆமா. தொட்டித் தண்ணியே சிவப்பாயிடும்."

"கம்பத்துல ஏறுறவருக்கு முழங்கை வரைக்கும் மண்ணு எப்படி டீச்சர்?"

 முப்பது வருஷத்தில் டீச்சருக்கு அது ஒரு கேள்வி என்றே தோன்றியதில்லை. அந்தக் கை அவர் மனசில் அப்படியே இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்று அவர் கேட்டதில்லை.

"கையில என்னென்ன கொண்டுபோவார்?"

"கயிறு, கட்டிங் பிளேயர்... ஒரு சின்னக் கடப்பாரை."

"காளான் காம்போட வருமா?"

"குடை மட்டுந்தான். காம்பை வெளியிலயே கிள்ளிப் போட்டுடுவார்." டீச்சர் கொஞ்சம் நிறுத்தினார். "நான் திட்டுவேன். வீட்டுக்குள்ள மண்ணைக் கொண்டுவராதீங்கன்னு. புதுசாக் கல்யாணமானவ. தரையைத் துடைச்சுத் துடைச்சு வச்சிருப்பேன்."

"அம்மா, நீ இதெல்லாம் எங்கிட்டச் சொன்னதேயில்லை," என்றாள் அல்லி.

"நீ கேட்டதில்லையே."

"கேட்டா அழுவியோன்னு."

"கடைசியா எப்பக் கொண்டுவந்தார் டீச்சர்?" என்றார் தவசி.

டீச்சர் மகளைப் பார்த்துச் சொன்னார்: "நீ வயித்துல இருந்தே. ஒன்பது மாசம். ஐப்பசியில பிறந்தே. அப்படின்னா அது புரட்டாசி கடைசி. அன்னைக்கு அவர் சாப்பிடவேயில்லை. முழுசையும் என்னைச் சாப்பிடச் சொல்லிட்டு, தாளம் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்."

தவசி எழுந்து தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று கேட்டார்: "அந்தக் காலத்து லைன் எந்தப் பக்கம் போச்சு?"

"காப்பித் தோட்டத்தைத் தாண்டி, ஓடைக்கு அந்தப் பக்கம்."

"அடுத்த வருஷம் ஆடியில வராதீங்க டீச்சர். புரட்டாசி கடைசியில வாங்க. இடி இடிச்ச மூணாம் நாள்."

*

மறு வருஷம் டீச்சர் புரட்டாசி முழுக்கச் சமவெளியிலிருந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மலைப் பக்கம் வானம் கருத்து, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டீச்சர் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை அல்லி வந்துசேர்ந்தாள். சனிக்கிழமை இருவரும் முதல் பஸ்ஸில் ஏறினார்கள்.

தவசி அன்றைக்கு லீவு போட்டிருந்தார். வேறு யாரையும் வரச் சொல்லவில்லை.

லைனை எப்போதோ ரோட்டோரமாக மாற்றிவிட்டார்கள். காட்டுக்குள் பழைய கம்பங்கள் மட்டும் அப்படியே நின்றன, கம்பி இல்லாமல், கொடி படர்ந்து. ஒரு கம்பத்திலிருந்து பார்த்தால் அடுத்த கம்பம் தெரியும். டீச்சர் முன்னால் நடந்தார். இந்த வழியில் அவர் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் நாகமாணிக்கம் வந்திருப்பார். இங்கே நின்றிருப்பார். இந்த ஓடையில் முகம் கழுவியிருப்பார். டீச்சர் ஒவ்வொரு கம்பத்தையும் தொட்டுவிட்டு நடந்தார்.

ஒன்பதாவது கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் தவசி ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"கால்ல அட்டை ஏறிடுச்சு. நீங்க போங்க டீச்சர், வந்துடறேன்."

ஒன்பதாவது கம்பத்தின் அடியில் மண் லேசாக மேடிட்டிருந்தது. கரையான் புற்று கரைந்த மேடு. அதைச் சுற்றிலும், புதரோரத்திலும், பாதையிலும் காளான்கள், நூறு இருக்கும். சில இன்னும் மொட்டாக மண்ணைக் கீறிக்கொண்டு நின்றன. சில குடை விரித்திருந்தன. வெள்ளை. நடுவில் கூராக ஒரு கருப்பு.

டீச்சர் "இதுதான்" என்று சொல்லவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை எடுத்தார். காம்பில் வளையம் இல்லை. மடல்களில் லேசான ரோஜா நிறம். பிறகு ஒன்றைப் பற்றி இழுத்தார். வரவில்லை. சுற்றிலும் மண்ணைத் தோண்டினார். காம்பு கீழே போய்க்கொண்டேயிருந்தது. மழை ஊறிய மண்ணுக்குள் விரல், மணிக்கட்டு, கை. எங்கோ அடியில் புற்றின் மெத்தென்ற ஏதோ ஒன்றில் முட்டி, காம்பு பிடுங்கிக்கொண்டு வந்தது.

டீச்சர் கையை வெளியே எடுத்தார். முழங்கை வரைக்கும் செம்மண்.

அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அல்லி தேக்கிலையை விரித்துப் பிடித்தபடி நின்றாள்.  ஓடையில் தண்ணீர் கலங்கலாகப் போனது.

தவசி வந்து பார்த்தார். கையைக் கழுவச் சொல்லவில்லை. ஓடையைத் தாண்டும்போது டீச்சரே அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினார்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் யாரிடமும் கேட்காமல் காகிதம் எடுத்து, ஒரு குடையைக் கவிழ்த்துக் கிண்ணத்தால் மூடினார்.

"நாளைக்குச் சாப்பிடலாம்," என்றார் அல்லியிடம்.

காலையில் காகிதத்தில் பச்சை இல்லை. சின்ன வெங்காயத்தின் உள்தோல்போல ஒரு வெளிறிய ரோஜா நிறம்.

"என்ன டீச்சர்?" என்றார் தவசி.

"வளையம் இல்லை. மடல் ரோஜா நிறம், பொடியும் அதே. வேர் மாதிரிக் காம்பு புற்றுக்குள்ள போகுது. புரட்டாசி கடைசி. இடி இடிச்ச மூணாம் நாள்."

"பேர்?"

"புற்றுக்காளான்."

தவசி தலையசைத்தார்.

டீச்சர் சமைத்தார். சின்ன வெங்காயம், மிளகு, நல்லெண்ணெய். வேறெதுவும் போடவில்லை. மூன்று தட்டு வைத்தார். அல்லி முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் போடு," என்றாள்.

டீச்சர் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். இன்னொன்று எடுத்தார். மெதுவாக மென்றார். வெளியே மழை மறுபடி பிடித்திருந்தது.

"தவசி," என்றார். "இது இல்லை."

அல்லி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"எல்லாம் பொருந்துது. ஒண்ணுகூடத் தப்பில்லை. ஆனா இந்த ருசி இல்லை அது. ஏதோ ஒண்ணு குறையுது. நான் எதையாவது விட்டுட்டேனா? நீ சாப்பிட்டுப் பாரேன்."

தவசி சட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். அவசரப்படாமல் மென்றார்.

"உப்பு சரியா இருக்கு டீச்சர்," என்றார்.

இன்னொன்று எடுத்தார்.

"மிளகும் சரியா இருக்கு."

டீச்சர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காளானும் அதேதான் டீச்சர்."

டீச்சர் தன் தட்டை ஒதுக்கினார். சட்டியை அல்லிக்கும் தனக்கும் நடுவில் இழுத்து வைத்துக்கொண்டார்.